அதிமதுரப் பொட்டலம்

சுராயா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறவள் அல்ல. திருச்சிராப்பள்ளியில் அக்னஸ் டீச்சர் கூட்டிய பெண்கள் சங்கத்தில், "அடிக்கிற புருஷன்கிட்டேருந்து விலகச் சட்டம் வேணும்" என்று முதலில் எழுந்து கேட்டவள் அவள்தான். ஊர் ஊராகச் சங்கங்கள் டில்லிக்கு எழுதி எழுதி மன்றாடின. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்பதில் முஸ்லிம் பெண்களுக்கு அப்படியொரு சட்டம் வந்தது. மறு வருஷமே அது சுராயா வீட்டுக் கதவையும் தட்டியது.

வழக்குப் போட்டவள் அவள் மதினி, அண்ணன் பெண்டாட்டி ரோஷன் பேகம். அடித்தவன் சுராயாவின் கூடப் பிறந்த அண்ணன் குத்புதீன். கண்ணால் பார்த்தவள் சுராயா ஒருத்திதான். அவள் சொல்லாவிட்டால் ரோஷன் திரும்ப அவனோடுதான் வாழ வேண்டும். அண்ணன் என்றால் சுராயாவுக்கு உயிர். மதினி என்றாலும் அப்படித்தான், என்ன செய்வாள்!

அந்நிய ஆண்கள் கண்ணில் படாத கோஷாப் பெண்கள் கோர்ட்டுக்குப் போவதில்லை. சாட்சியம் எழுத வக்கீல் அமிர்தசாமி கோர்ட் உத்தரவோடு வீட்டுக்கே வந்தார். கூடத்தில் திரை கட்டினார்கள். உள்ளே இருப்பவள் சுராயாதான் என்று, அவள் முகம் பார்க்கும் உரிமையுள்ள ஆண் ஒருவர் சொல்ல வேண்டும். அவள் புருஷனோ பினாங்கில் இருந்தான். மிச்சம் குத்புதீன்தான்.

அவன் திரையை விலக்கி எட்டிப் பார்த்தான். பிறகு கொஞ்சமும் கூசாமல் சொன்னான்: "இது என் தங்கச்சி இல்லீங்க."

சொன்ன கையோடு இருமல் வந்துவிட்டது, பாவிக்கு.

"அண்ணே, அதிமதுரம் இடிச்சு வெச்சிருக்கேன். போறப்ப எடுத்துட்டுப் போங்க" என்றது உள்ளிருந்து குரல்.

"எங்கே வெச்சிருக்கே சுராயா?"

வக்கீல் பேனாவைத் திறந்தார். குத்புதீன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அது தந்திரமா, பாசமா என்று பிற்பாடு அக்னஸ் டீச்சர் கேட்டாள். "இருமுறாரே டீச்சர், நான் என்ன செய்ய?" என்றாள் சுராயா.

அன்று அவள் அழுதுகொண்டேதான் சாட்சி சொன்னாள்.

"விறகுக் கட்டையால அடிச்சு மதினி மணிக்கட்டை முறிச்சாரு. மறுநாள் இவருக்கு இருமல். ஒத்தக் கையால இதே மருந்தை இடிச்சுக் கொடுத்தாங்க மதினி. பக்கத்துலதான் நின்னேன். ஒரு நாள் கூத்து இல்லீங்க இது, வழக்கமே இதான்."

எல்லோரும் எழுந்த பிறகும் குத்புதீன் திரையோரம் தலை குனிந்து நின்றான்.

"மருந்து..." என்றான்.

திரைக்கு அடியில் பொட்டலம் வந்தது.

"மதினி இனிமே வர மாட்டாங்க. அடுத்த தடவை நீங்களே இடிச்சுக்குங்கண்ணே."