இரண்டாவது திரை

பாரிஸில் மாரடைப்பால் இறந்த பிரசாந்தனின் இறுதிக் கிரியை அன்று பின்னேரம் நேரலையில் வர இருந்தது. ஊரில், வட்டக்கச்சியில் இருந்த தாய் தகப்பனுக்கு விசா கிடைக்கவில்லை. தகப்பன் ஏரம்புவுக்குக் கண்ணில் வெண்புரை; கைபேசியில் எதுவும் பிடிபடாது. ஆகவே தங்கை மேனுகா தன் மடிக்கணினியைத் தொலைக்காட்சியோடு பொருத்தப் பாடுபட்டுக்கொண்டிருந்தாள்.

தொலைக்காட்சியோ 'சிக்னல் இல்லை' என்றே நின்றது. வயரைக் கழற்றி ஊதிச் செருகினாள். மற்றத் துளையிலும் செருகினாள். வேறு திரை இருக்கிறதா என்று தேடச் சொன்னால், மடிக்கணினி தேடிவிட்டு ஒன்றும் இல்லை என்றது. அதற்குள் பாரிஸில் சவப்பெட்டியைத் திறந்து வைத்து ஐயர் மந்திரம் சொல்லத் தொடங்கியிருந்தது அவளுடைய கைபேசியில் தெரிந்தது. அயலவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். தாய் இலட்சுமி பாயில் சுருண்டு கிடந்தார்.

"தொடங்கீட்டுதோ பிள்ளை?" என்றார் ஏரம்பு.

"இன்னும் இல்லை அப்பா," என்று பொய் சொன்னாள்.

கடைசியில் இரண்டையும் நிறுத்தினாள். தொலைக்காட்சியை முதலில் போட்டு, வயரைச் செருகி, பிறகு மடிக்கணினியைப் போட்டாள். பெரிய திரை மின்னி வெளித்தது.

அதில் பிரசாந்தன் சிரித்துக்கொண்டு நின்றான். போன வருடம் வந்தபோது இரணைமடுக் குளக்கட்டில் மேனுகா எடுத்த படம். மடிக்கணினியின் முகப்பில் வைத்திருந்தாள். நேரலையைத் திறந்தாள். அது மடிக்கணினியில் மட்டும் ஓடியது. தொலைக்காட்சியில் அண்ணன் சிரித்தபடியே நின்றான். இலட்சுமி தலையைத் தூக்கிப் பார்த்தார்.

இரண்டு திரையிலும் ஒன்றையே காட்டச் சொல்ல ஒரு அழுத்து போதும். மேனுகாவுக்குக் கை எழவில்லை.

"இது குளக்கட்டில எடுத்ததெல்லே?" என்றார் ஏரம்பு, கண்ணைச் சுருக்கிப் பார்த்து.

"ஓம் அப்பா."

போரின் கடைசிச் சண்டையில் காணாமற்போன மூத்த மகனைத்தான் அவர் நினைத்திருக்க வேண்டும்.

"மூத்தவன்ர முகத்தைக் கடைசியாப் பாக்கேல்லை. இண்டைக்கும் வாசல் படலைச் சத்தம் கேட்டா எழும்புறன். இவனையாவது காட்டு பிள்ளை."

அவள் அழுத்தினாள். சிரிப்பு மறைந்து பெட்டி வந்தது. இலட்சுமி வாய்விட்டுக் கதறினார். ஏரம்பு தட்டுத்தடுமாறி எழுந்து போய், திரையில் மூக்கு முட்டுமளவுக்கு நின்று, மகனின் முகத்தைத் தடவினார். பின்னால் இருந்தவர்களுக்கு எதுவும் தெரியவில்லை. ஒருவரும் அவரை விலகச் சொல்லவில்லை.

பெட்டியைத் தகன அறைக்குள் கொண்டுபோன பிறகுதான் திரும்பினார். மனைவியின் பக்கத்தில் நிலத்தில் குந்தி, "பாத்திட்டன்," என்றார்.

மேனுகா குசினிக்குள் போய் அடுப்படியில் இருந்து அழுதாள்.