மகாராணியின் வாளியில் பூண்டு

மகாராணி வாளிக்குள் மூக்கை விட்டாள். ஒரு தடவை முகர்ந்தாள். பிறகு 'ஃபுர்ர்' என்று ஓர் ஊது ஊதினாள். தவிடும் பூண்டுத் தூளும் புகையாகக் கிளம்பி லாடக்காரரின் மீசையில் போய் உட்கார்ந்தன.

"பிடிக்கலைன்னா தலையை ஆட்டிச் சொல்லு தாயே. மூஞ்சியில ஏன் ஊதுற?" என்றார் அவர், கண்ணைக் கசக்கிக்கொண்டே.

மகாராணி என்பது குதிரை. பழுப்பு நிறம், குட்டை உடம்பு, மெத்தை போல அகன்ற முதுகு. அந்த லாயத்தை ஒரு கணவனும் மனைவியும் நடத்தி வந்தார்கள். சுற்று வட்டாரத்துக் குதிரைகளுக்கெல்லாம் லாடம் அடிப்பவர் என்பதால் அவர் லாடக்காரர். தீனி வைத்து, லத்தி வாரி, பிடரி சீவி, ஐந்து குதிரைகளையும் பெற்ற பிள்ளைகளைப் போலப் பார்த்துக்கொள்பவள் என்பதால் அவள் லாயக்காரி. கணவனை இழந்து தம்பி வீட்டுக்கு வந்துவிட்ட நாத்தனார் அடுக்களையைப் பார்த்துக்கொண்டாள்.

மழை ஓய்ந்ததும் ஈ வந்துவிட்டது. சோற்றில் உட்காருகிற சாது ஈ இல்லை. தோலைத் துளைத்து ரத்தம் குடிக்கிற ஈ. மற்ற குதிரைகள் காலை உதறிவிட்டுத் தம் பாட்டுக்கு இருந்தன. மகாராணிக்குத் தோல் மெல்லிசு. கடித்த இடமெல்லாம் கொழுக்கட்டையாக வீங்கியது. மருந்து தெளிக்கலாம் என்றால், பாட்டில் 'உஸ்' என்றதுமே பாம்பைக் கண்டவள் போலத் துள்ளினாள். சரி, மேலே தெளிக்க முடியாவிட்டால் உள்ளே கொடுப்போம் என்று தீவனக் கடைக்காரர்தான் யோசனை சொன்னார். தினமும் தீனியில் கொஞ்சம் பூண்டைச் சேர்த்தால் அந்த வாசனை வேர்வையோடு வெளியே வருமாம். ஈ கிட்டே நெருங்காதாம். லாயத்துக்கு வந்துபோகும் கால்நடை டாக்டரம்மாவிடம் கேட்டார்கள்.

"சில குதிரைக்குக் கேக்கும், சிலதுக்குக் கேக்காது. குடுத்துப் பாருங்க" என்றார் அவர். "ஆனா சின்னக் கரண்டிதான். கை தாராளமாப் போடாதீங்க, ரத்தம் கெட்டுப்போயிரும்."

சின்னக் கரண்டிக்கே இந்தப் பாடு. வெல்லப்பாகில் குழைத்தார்கள், மகாராணி பாகை நக்கிவிட்டுப் பூண்டை வாளியின் அடியில் விட்டுவைத்தாள். கேரட்டைக் குடைந்து உள்ளே வைத்தார்கள். கேரட்டைத் தின்றுவிட்டு எப்படித்தான் துப்பினாளோ, பூண்டு மட்டும் தரையில் கிடந்தது. ஆளி விதையை வேகவைத்துக் கூழாக்கி அதில் கலந்தார்கள், வாளியையே கவிழ்த்தாள்.

"வீட்ல சமைக்க ஒரு பல் பூண்டு இல்ல" என்று அடுக்களையிலிருந்து குரல் வந்தது. "குதிரை துப்புறதுக்கு மட்டும் கூடை கூடையா வருது. ஏண்டா தம்பி, மனுஷங்க சாப்பிட்டா ஈ கடிக்காதா?"

"உன் பக்கம் எந்த ஈ வரும்க்கா? அதுக்கு உசிரு மேல ஆசை இருக்காதா?"

லாயக்காரி சிரித்தாள். சிரித்தாலும் அவள் மனம் இரண்டு தெரு தள்ளி இருந்த தையல்காரி வீட்டில் கிடந்தது.

தையல்காரியின் மகளைச் சிட்டு என்று கூப்பிடுவார்கள். பிறவியிலேயே கால்களில் வலு இல்லை. முதுகும் நிமிர்ந்து நிற்காது. குதிரை மேல் உட்கார்ந்து மெல்ல ஒரு சுற்று வந்தால் முதுகு தானாக நிமிரப் பழகும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். லாயத்தில் ஒரு கிழக் குதிரையைத் தவிர மற்றதெல்லாம் உயரமும் வேகமுமான வண்டிக் குதிரைகள். குழந்தையை ஏற்ற மகாராணி ஒருத்திதான். நட்ட கல் மாதிரி நிற்பாள். சிட்டு ஏறி உட்கார்ந்த பிறகுதான் மூச்சே விடுவாள்.

அப்படிப்பட்டவள், சிட்டு ஒரு காலைத் தூக்கிப் போட்ட நேரத்தில், வயிற்றில் ஈ கடித்ததும் துள்ளிவிட்டாள். குழந்தை சறுக்கி லாயக்காரியின் கைகளில் வந்து விழுந்தது. அடி ஒன்றும் படவில்லை. ஆனால் தையல்காரியின் முகம் வெளுத்துப் போயிற்று. குதிரை அசையாமல் நிற்கும் வரை குழந்தையை ஏற்ற வேண்டாம் என்று டாக்டரம்மாவும் சொல்லிவிட்டார். விழுந்ததற்கு அழாத சிட்டு அதைக் கேட்டுத்தான் அழுதாள்.

"அத்தை, என்னை மறுபடி ஏத்துவீங்கல்ல?"

"ஏத்துவேன் கண்ணு. சத்தியமா ஏத்துவேன்."

சொல்லிவிட்டாள். இப்போது தையல்காரி சொல்கிறாள்: பிள்ளை உட்கார மாட்டேன் என்கிறது, தலையணையில் சாய்ந்தே கிடக்கிறது, நிமிர்ந்த முதுகு மறுபடி வளைகிறது என்று. தினமும் விளக்கேற்றும் போது லாயக்காரி கடவுளிடம் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. 'அந்தக் கழுதை ஒரு வாய் பூண்டு திங்கட்டும், அது போதும்' என்றாள். குதிரையைக் கழுதை என்று சொன்னதற்கு உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

ஈ வந்ததும் மகாராணிக்காக அவர்கள் செய்த இன்னொரு காரியமும் உண்டு. பின்கட்டில் பழைய வைக்கோல் அறையைச் சுத்தம் செய்து, சன்னலுக்கு வலை அடித்து, கதவுக்கும் வலை போட்டு, மின்விசிறி மாட்டி அவளை அங்கே குடிவைத்தார்கள். பார்க்க வந்தவர்கள் எல்லாம் வாயைப் பிளந்தார்கள். "எங்க வீட்லயே ஒரு ரூமுக்குத்தான் ஃபேன் இருக்கு" என்று தீவனக் கடைக்காரர் பெருமூச்சு விட்டார். அத்தனை வசதியிலும் அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பூண்டு போடாத தீனியைக்கூடப் பாதிதான் தின்றாள். முன்னே போட்ட பூண்டு வாசனையால் வாளி மேலேயே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது என்றார் லாடக்காரர். வாளியை வெந்நீர் விட்டுத் தேய்த்தார்கள். புது வாளியும் வாங்கினார்கள்.

அவள் ஒதுக்கிய தீனி வீணாகவில்லை. முன்கட்டில் பெரியவர் இருந்தார். பெரியவர் வயதான வெள்ளைக் குதிரை. வண்டி இழுத்து முதுகு தொட்டில் போலக் குழிந்துவிட்டது. இனி சுமை தூக்க மாட்டார், தின்பார், தூங்குவார். தன் பங்கைக் குறைத்துக்கொண்டு மகாராணியின் மிச்சத்தை மரியாதையாகச் சாப்பிட்டார்.

ஒரு நாள் காலையில் மகாராணி வலைக்கதவை உதைத்துப் பிய்த்துவிட்டாள். லாடக்காரர் கதவைக் கழற்றி ஆணி அடிக்க எடுத்துப் போனார். லாயக்காரி வழக்கம் போலப் பூண்டு கலந்த மிச்ச வாளியைப் பெரியவர் முன்னால் வைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கத் திரும்பினாள். பின்னால் டக் டக் என்று குளம்புச் சத்தம்.

மகாராணி வந்துகொண்டிருந்தாள். திறந்து கிடந்த அறையை விட்டு, ஈ மொய்க்கும் முற்றத்தைத் தாண்டி, நேராகப் பெரியவரிடம் வந்தாள். அவர் கழுத்தில் மூக்கை ஒரு தேய் தேய்த்தாள். அவர் ஓரடி நகர்ந்து இடம் விட்டார். அவள் அவருடைய வாளியில், கொஞ்ச நேரத்துக்கு முன் தான் மூக்கைச் சுளித்து ஒதுக்கிய அதே வாளியில், முகத்தைப் புதைத்து மொறுக் மொறுக்கென்று தின்ன ஆரம்பித்தாள்.

"ஏங்க! இங்க வாங்க! சத்தம் போடாம வாங்க!"

"நீதான் கத்துற" என்றபடி சுத்தியலோடு வந்த லாடக்காரர் அப்படியே நின்றுவிட்டார். "பூண்டு... திங்கிறா?"

"திங்கிறா. பூண்டு மேல கோவமே இல்லைங்க அவளுக்கு. தனியாத் திங்கத்தான் மனசு வரல. நாமதான் ஃபேன் போட்டு, வலை போட்டு, துணையில்லாம அடைச்சு வெச்சுட்டோம்."

லாடக்காரர் சுத்தியலைக் கீழே வைத்தார். "அப்போ அந்தப் புது வாளி?"

"அதுல நீங்க குளிங்க."

நல்லது செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டே ஓர் உயிரை எவ்வளவு தனியாக்கிவிட்டோம் என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தோடு அடுக்களைக்குள் போனவளின் கண்ணில் இன்னொன்று பட்டது. எல்லோருக்கும் பரிமாறி முடித்துவிட்டு, நாத்தனார் சுவரோரமாகத் தட்டை மடியில் வைத்து இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு, பசியில்லை என்று எழுந்துகொண்டிருந்தாள். இதுவும் எத்தனையோ நாளாக நடப்பதுதான். லாயக்காரி தன் தட்டை எடுத்துவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உக்காருங்க அண்ணி. நானும் இன்னும் சாப்பிடல."

"நீ எப்பவோ சாப்பிட்டிருப்பேன்னு நெனச்சேன்."

"இனிமே உங்களோடதான்."

நாத்தனார் மறுபடி உட்கார்ந்தாள். அன்று இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டாள். குதிரைக் கதையைக் கேட்டு, புரையேறும் அளவுக்குச் சிரித்தாள்.

மகாராணியின் இடம் மறுபடி முன்கட்டுக்கு, பெரியவருக்குப் பக்கத்திலேயே வந்தது. ஒரே வாளி, இரண்டு மூக்கு. பூண்டு மட்டும் ஆளுக்குச் சின்னக் கரண்டிக் கணக்குத்தான். பகலில் இரண்டு பேரும் மர நிழலில் நிற்பார்கள்; இவள் தலை அவர் வால் பக்கம், அவர் தலை இவள் வால் பக்கம். பெரியவரின் வால் நீளம். சுளீர் சுளீரென்று அது மகாராணியின் முகத்திலும் வயிற்றிலும் விழுகிற ஈயை விரட்டும். பதிலுக்கு இவள் வால் அவர் கண்ணோரத்தைத் துடைத்துவிடும். நாளாக ஆகத் தோலிலிருந்த தடிப்புகள் வடிந்தன.

வீட்டில் இரண்டு கட்சி உண்டாயிற்று.

"பூண்டு வேலை செய்யுது, பாத்தியா?" என்பார் லாடக்காரர்.

"வால் வேலை செய்யுதுங்க" என்பாள் மனைவி.

"வால் முன்னாடியும்தானே இருந்துச்சு!"

"பக்கத்துல இல்லையே!"

டாக்டரம்மா வந்தபோது இருவரும் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் மகாராணியின் வயிற்றைத் தடவிப் பார்த்தார். ஈறைப் பார்த்து ரத்தம் நன்றாக இருக்கிறது என்றார். பிறகு சிரித்தார். "எது கேட்டுச்சுன்னு எனக்கும் தெரியல. ரெண்டையும் விடாதீங்க. லத்தியை இதே மாதிரி தினமும் அள்ளிருங்க. குழந்தையை வரச் சொல்லுங்க, நானும் கூட நிக்கிறேன்."

சிட்டு அம்மாவின் இடுப்பில் வந்தாள். வந்ததும் மூக்கைப் பிடித்துக்கொண்டாள். "அத்தை, பெரியவர் வாய்ல பூண்டு நாத்தம்!"

"பல்லு வெளக்கலடி அவரு" என்றாள் நாத்தனார்.

ஏற்றுகிற இடத்தில் மகாராணியை நிறுத்தினார்கள். பெரியவர் தானாகவே வந்து பக்கத்தில் திரும்பி நின்றுகொண்டார். லாடக்காரர் கடிவாளத்தைப் பிடித்தார். டாக்டரம்மா அந்தப் பக்கம், லாயக்காரி இந்தப் பக்கம். தையல்காரி கண்ணை மூடிக்கொண்டாள்.

ஈயே இல்லை என்று சொன்னால் பொய். சிட்டு காலைத் தூக்கிப் போடுகிற அதே நேரத்தில் தடித்த ஈ ஒன்று வட்டமடித்துக்கொண்டு மகாராணியின் வயிற்றுப் பக்கம் இறங்கியது. லாயக்காரி குழந்தையை இறுக்கிப் பிடித்தாள். வாயில் 'கடவுளே' என்று மட்டும் வந்தது. சுளீர்! பெரியவரின் வால் விழுந்தது. ஈ போன இடம் தெரியவில்லை. வாலின் நுனி சிட்டுவின் கன்னத்தையும் ஒரு தட்டு தட்டியது. குழந்தை வீலென்று கத்தப்போகிறாள் என்று எல்லோரும் பார்த்தார்கள். அவள் கலகலவென்று சிரித்தாள்.

மகாராணி அசையவே இல்லை. சிட்டு நேராக உட்கார்ந்த பிறகுதான் மூச்சு விட்டாள்.

"கண்ணைத் தொறங்கக்கா, ஏறியாச்சு" என்றார் லாடக்காரர். தையல்காரி திறந்தாள், திறந்ததும் கண் நிறைந்துவிட்டது.

மகாராணி நடந்தாள். நிழலை விட்டு நகராத பெரியவர் யாரும் கூப்பிடாமலே பின்னால் நடந்தார். முதல் சுற்றில் சிட்டுவின் முதுகு கொஞ்சம் கூனியிருந்தது. இரண்டாவது சுற்றில், முளைவிட்ட விதை மண்ணைத் தள்ளுகிற மாதிரி மெல்ல மெல்ல நிமிர்ந்தது. லாயக்காரி குழந்தையின் முழங்காலைப் பிடித்தபடி கூடவே நடந்தாள்.

"அத்தை, கையை எடுங்க."

"விழுந்துருவே கண்ணு."

"விழ மாட்டேன். எடுங்க."

அவள் டாக்டரம்மாவைப் பார்த்தாள். டாக்டரம்மா தலையசைத்தார். லாயக்காரி கையை எடுத்தாள். எடுத்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் இன்னொரு கையோடு சேர்த்துக் கும்பிட்டுக்கொண்டே, எதற்கும் இருக்கட்டும் என்று ஓரடி தள்ளி நடந்தாள்.

"போதும்டி, எறங்கு!" என்று தையல்காரி கூப்பிட்டாள். "முதல் நாளே இவ்ளோ வேணாம்!"

சிட்டு திரும்பிப் பின்னால் பார்த்தாள். பெரியவர் காதை ஆட்டிக்கொண்டு, தொட்டில் முதுகு அசைய வந்துகொண்டிருந்தார்.

"அம்மா, பெரியவர் இப்பதான் நடக்கவே ஆரம்பிச்சிருக்காரு. அவருக்காக இன்னும் ஒரே ஒரு சுத்து!"

அவருக்காக என்ற பிறகு யார் மறுக்க முடியும்? இன்னொரு சுற்று போனார்கள்.