எதிர்க்குழி டியூப்

பிப்ரவரி 9, திங்கட்கிழமை, காலை 9.10. மருத்துவமனைத் தரைத்தளத்தில் உள்ள ரத்தப் பரிசோதனைக் கூடத்தில், ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃப்யூஜுக்கு எடை ஈடு வைக்கும் தண்ணீர் டியூப் கை தவறி விழுந்து உடைந்தது.

அந்த இயந்திரத்துக்கு ஒற்றை ஆகாது. ஒரு குழியில் ரத்த டியூப் வைத்தால், அதற்கு நேர் எதிர்க்குழியில் அதே எடையில் இன்னொன்று வேண்டும். நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்று. இரண்டு கிராம் வித்தியாசம் இருந்தாலே மேசையோடு சேர்ந்து நடக்கத் தொடங்கிவிடும். "போன வருஷம் அது பாட்டுக்கு எறங்கி டீ குடிக்கப் போயிருச்சு" என்று உதவியாளர் எல்லோரிடமும் சொல்வார். எந்த டியூபோடு எந்த டியூப் ஜோடி சேரும் என்பதைக் கையில் தூக்கிப் பார்த்தே சொல்லிவிடுவதால் அவருக்குத் தராசு என்று பெயர். ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தது.

9.15-க்கு அவசர சிகிச்சைப் பிரிவிலிருந்து ஒரே ஒரு டியூப் வந்தது. கூடவே தொலைபேசியும் அடிக்க ஆரம்பித்தது. காலி டியூப் பெட்டி ஸ்டோர் அறையில் இருந்தது. அதன் சாவி எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

"அண்ணே, இதே எடையில ஏதாவது குடுங்க" என்றாள் டெக்னீஷியன்.

தராசு ரேக்கிலிருந்து மஞ்சள் மூடி டியூப் ஒன்றை எடுத்து நீட்டினார். மேல்மாடிப் பதினான்காம் கட்டிலுடையது. 8.20-க்கே சுழற்றி முடித்தது. பகுப்பாய்வு இயந்திரத்தில் காலைச் சரிபார்ப்பு முடியாததால் காத்திருந்தது. அதன் நடுவே ஒரு பசை அடுக்கு. சுழலும்போது கனமான அணுக்கள் அடிக்குப் போய்விட, தெளிந்த நீர் மேலே நிற்கும், பசை இரண்டுக்கும் இடையில் சுவராகிவிடும். இந்த வகை டியூபை இரண்டாம் முறை சுழற்றக் கூடாது. சுவருக்குக் கீழே அணுக்களோடு தங்கிய சொட்டு நீரில் நேரம் ஆக ஆகப் பொட்டாசியம் கசிந்து சேர்ந்திருக்கும். மறுபடி சுழற்றினால் அது மேலே வந்து கலந்துவிடும். பதினோரு வருட அனுபவத்தில் இது அவளுக்குத் தெரியாததல்ல. அந்த நிமிடத்தில் அவள் கையில் இருந்தது ஒருவருடைய ரத்தமாகத் தெரியவில்லை, எடையாக மட்டுமே தெரிந்தது. எதிர்க்குழியில் வைத்து மூடியை அழுத்தினாள். இயந்திரம் சத்தமில்லாமல் சுழன்றது.

9.50-க்குப் பதினான்காம் கட்டிலின் முடிவு வந்தது. பொட்டாசியம் 6.4. இதயம் தடுமாறக்கூடிய அளவு. விதிப்படி உடனே வார்டுக்குச் சொன்னாள். டியூபை ரேக்கில் திருப்பி வைக்கும்போதுதான் அதை எதிர்க்குழியில் வைத்து இரண்டாம் முறை சுழற்றியது நினைவுக்கு வந்தது. மறுபடி தொலைபேசியை எடுத்தாள்.

"அவரோட இன்னைக்கு ஆபரேஷன தள்ளி வச்சாச்சு. பொட்டாசியத்தக் கொறைக்கிறதுக்கு மருந்து ஏத்தப் போறோம்" என்றார் ஹெட் நர்ஸ்.

"ஏத்தாதீங்க சிஸ்டர். சாம்பிள் கெட்டிருக்கும்னு நெனைக்கிறேன். வேற எடுக்கணும்."

பொய் இல்லை என்று அவள் நினைத்து முடிப்பதற்குள், ஹெட் நர்ஸின் குரல் வேறு பக்கம் திரும்பியது. "ஊசிய இழுக்கறப்ப அவசரப்பட்டா ரத்தம் கெட்டுரும்னு எத்தன தடவ சொல்றது? போன வாரம் ரெண்டு, இப்ப இது. ஒக்காந்து வெளக்கம் எழுதிக் குடு." காலையில் அந்த ரத்தத்தை எடுத்தவள்தான் திட்டு வாங்கினாள். சேர்ந்து நான்கு மாதமான நர்ஸ். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

டெக்னீஷியனுக்கு வியாழக்கிழமை நேர்காணல். பரிசோதனைக் கூடத்தின் பொறுப்பாளர் பதவி. அவளுக்குத்தான் என்று கேன்டீன்வரை பேச்சு இருந்தது.

"நான் ஒண்ணும் பாக்கலம்மா" என்றார் தராசு, ரேக்கைத் துடைத்தபடி.

"நீங்கதானேண்ணே எடுத்துக் குடுத்தீங்க."

"அதனாலதான் பாக்கலங்கறேன். வியாழக்கெழம வரைக்கும் வாயத் தெறக்காதீங்க. அப்புறம் நீங்களே பொறுப்பாளர், அந்தப் பொண்ணுக்கு என்ன நல்லது வேணும்னாலும் செய்யலாம்."

அதில் கணக்கு சரியாகத்தான் இருந்தது. அவள் ஊசித் தட்டை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள். லிஃப்ட் கீழேயே நின்றிருந்தது.

பதினான்காம் கட்டிலில் பஸ் டிரைவர். குடலிறக்கம். முந்தின நாள் இரவிலிருந்து பட்டினி. பக்கத்து மேசையில் நர்ஸ் எழுதிக்கொண்டிருந்தாள். தாளில் நான்கு வரி ஏறியிருந்தது.

"ரத்தத்தப் போட்டு கிறுகிறுன்னு சுத்துவீங்களாமே?" என்றார் டிரைவர், கையை நீட்டியபடி.

"ஆமா. கனமானது வெளிப்பக்கமா அடிக்குப் போயிரும்."

"வளைவுல திருப்புறப்ப ஜன்னலோரத்து ஆளு கண்ணாடியில போய் ஒட்டுவான், அந்த மாதிரி. எனக்கு இப்ப சுத்துனா பசி மட்டும்தான் மேல மெதக்கும்."

அவள் சிரிக்கவில்லை. டியூப் நிறைவதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "காலையில எடுத்த ரத்தம் நல்லாத்தான் இருந்துச்சு. எடுத்தவங்க மேல தப்பில்ல. இன்னொரு டியூபுக்கு எடை வேணும்னு உங்களோடத நான் ரெண்டாவது தடவ சுத்திட்டேன். அதுலதான் பொட்டாசியம் கூடிப்போச்சு."

நர்ஸின் பேனா நின்றது.

"அந்த மருந்த ஏத்தியிருந்தா?" என்றார் டிரைவர்.

"இருக்க வேண்டிய அளவுக்கும் கீழ போயிருக்கும். அதுவும் இதயத்துக்கு ஆபத்துதான்."

டிரைவர் மறு கையால் வயிற்றைத் தடவிக்கொண்டார். "சரி. சோறு எப்போ?"

வாசலில் நின்ற ஹெட் நர்ஸ் உள்ளே வந்தார். "இத போன்லயே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கலாம் சிஸ்டர்."

நர்ஸ் ஊசி பட்ட இடத்தில் பஞ்சை வைத்து, டிரைவரின் கையை மடக்கிவிட்டாள். எழுதிய தாளைக் கிழிக்கவில்லை. நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். டெக்னீஷியனை நிமிர்ந்து பார்க்கவில்லை.

புதிய ரத்தத்தில் பொட்டாசியம் 4.2. டிரைவருக்கு அன்று பகல் 1.30-க்கு அறுவை சிகிச்சை நடந்தது. தன் தவறைப் பற்றி டெக்னீஷியன் எழுதிய அறிக்கை மாலையில் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்குப் போனது. வியாழக்கிழமை நேர்காணலில் அதைப் பற்றி இரண்டு கேள்விகள் கேட்டார்கள். அடுத்த மாதம் ரத்த வங்கியிலிருந்து வந்த ஒருவர் பொறுப்பாளரானார். மஞ்சள் மூடி டியூபை இரண்டாம் முறை சுழற்றக் கூடாது என்ற அறிவிப்பு அவர் கையெழுத்தோடு சென்ட்ரிஃப்யூஜ் மூடியில் ஒட்டப்பட்டது. அவருக்கு அந்த வேலை புதிது என்பதால், வாசகத்தை டெக்னீஷியன் எழுதிக் கொடுத்தாள்.