நகத்தைக் கழித்தால் மிஞ்சும் மூஞ்சூறு

"நாகூன் சோட் கே," என்றார் மாலைக் கல்லூரியில் எலியின் பின்னங்காலை அளந்து காட்டிக்கொண்டிருந்த ஆசிரியர். நகத்தை விட்டுவிட்டுத்தான் அளக்க வேண்டுமாம். நகத்தோடு அளப்பவர்களும் உண்டு, ஆனால் ஒரே கட்டுரையில் இரண்டையும் கலந்தால் அடி விழும் என்று சொல்லிச் சிரித்தார். வகுப்பே சிரித்தது. பூங்கோதை மட்டும் தன் நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினாள்.

அவள் கலந்திருந்தாள்.

பகலில் அவளுக்கு ஒரு விலங்கியல் அருங்காட்சியகத்தில் உதவியாளர் வேலை. அங்கே டாக்டர் ராஜாராமன் இமயத்துக் கார்வால் மலையிலிருந்து மூஞ்சூறுகள் பிடித்து வந்திருந்தார். கட்டைவிரல் பருமன், வெல்வெட் மாதிரிக் கரும்பழுப்பு ரோமம், வெற்றிலை போட்டது போலப் பல் நுனியெல்லாம் சிவப்பு. இதுவரை யாரும் பெயர் வைக்காத இனம் என்பது அவர் கணிப்பு. கட்டுரை தட்டச்சாகி மேசையில் இருந்தது. திங்கட்கிழமை தபாலில் போக வேண்டும். அவர் பெயருக்குக் கீழே அவள் பெயர். புது இனம் என்பதற்கு முதல் ஆதாரம், ஏற்கெனவே பெயருள்ள பழைய இனத்தைவிட இரண்டு மில்லிமீட்டர் நீளமான பின்னங்கால்.

புது மூஞ்சூறுகளை அளந்தது பூங்கோதைதான். அமெரிக்கப் புத்தகம் பார்த்துப் பழகிய கை, நகத்தோடு அளந்தது. பழைய இனத்தின் அளவுகளை மட்டும் அங்கிருந்த பழைய மூஞ்சூறுகளில் கட்டியிருந்த வெள்ளைக்காரன் காலத்து லேபிள்களிலிருந்து அப்படியே எழுதிக்கொண்டாள். அவர்கள் நகத்தை விட்டு அளந்திருந்தால்? எதையும் மூன்று முறை சரிபார்த்தும் திருப்தி வராதவள், லேபிளில் எழுதியிருந்ததை மட்டும் சரிபார்க்காமல் நம்பிவிட்டாள்.

ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் மறுநாள் காலை, அம்மா வேலம்மாள் டம்ளரை ணங்கென்று வைத்தாள்.

"ஏளா, மூஞ்சி ஏன் ஒன் மூஞ்சூறு கணக்கா நீண்டு கெடக்கு?"

"ஒண்ணுமில்லம்மா."

"புள்ளையார் வாகனத்தப் புடிச்சு ஸ்பிரிட்டுல ஊறப் போட்டா மூஞ்சி எப்படி வெளங்கும்? நான் பிளாக்கு முழுக்கக் கேசரி குடுத்துட்டேன், பாத்துக்கோ. எம்மவ புதுசா ஒண்ணு கண்டுபிடிச்சிருக்கான்னு மிஸஸ் சோப்ராகிட்டக் கூடச் சொல்லியாச்சு."

"அவங்ககிட்ட எதுக்கும்மா சொன்ன?"

"கேசரிய சும்மா குடுக்க முடியுமா?"

பூங்கோதை காபியைப் பாதியில் வைத்துவிட்டு ராஜாராமன் வீட்டுக்குக் கிளம்பினாள். ஏஷியாடு விளையாட்டுப் போட்டிகளுக்காகத் தலைநகர் முழுக்கத் தோண்டிப்போட்ட சாலைகளில் பஸ் சுற்றிச் சுற்றிப் போயிற்று. ஒவ்வொரு திருப்பத்திலும், இப்படியே இறங்கித் திரும்பிவிடலாமா என்று தோன்றியது. நகத்தைப் பற்றி யாருக்கும் தெரியாது. சொல்லாவிட்டால் கட்டுரை வெளிவந்துவிடும். ஆனால் அதில் இருக்கும் மூஞ்சூறு மலையில் இருக்காதே என்று நினைத்தபோது கோல் மார்க்கெட் வந்துவிட்டது.

ராஜாராமன் பாதி சவரத்தில் கதவைத் திறந்தார். முப்பதைத் தாண்டியிராத ஆள். நுரையோடு பார்த்தபோது இன்னும் சின்னவராகத் தெரிந்தார்.

"சார், நகம்," என்றாள் பூங்கோதை.

"என்ன நகம்?"

"நான் நகத்தோட அளந்துட்டேன் சார். லேபிள்ல நகம் இல்லாம இருக்கலாம். அதை நான் அளக்கவே இல்ல, காப்பி பண்ணிட்டேன்."

"சரி, நகம் எவ்வளவு நீளம் இருக்கப் போகுது?"

"ரெண்டு மில்லிமீட்டர் சார்."

"நம்ம வித்தியாசம்?"

"அதே ரெண்டுதான்."

ராஜாராமன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஒரு கன்னம் பளபளவென்றும் மறு கன்னம் முள்ளாகவும் இருந்தது. "நானும் படிச்சுப் பார்த்துதானே சரின்னேன். தப்புல எனக்கும் பாதி. வா, போய்ப் பார்த்துடலாம். இந்தக் கோலத்துல பஸ்ல ஏறினா ஒருத்தனும் பக்கத்துல உட்கார மாட்டான், அது ஒரு வசதி."

விடுமுறை நாள். அருங்காட்சியக வாசலில் காவலுக்கு உட்கார்ந்து வெயில் காய்ந்துகொண்டிருந்த சௌகிதார், "சுட்டி மே பீ சூஹா?" என்று, லீவிலும் எலிதானா எனக் கேலி செய்துகொண்டே சாவியை நீட்டினான்.

"சூஹா நஹீ பையா," என்ற ராஜாராமன் அவள் பக்கம் திரும்பினார். "சூஹாவா இருந்தா நான் ஏன் வரேன்?"

அவர் அளக்க அளக்க அவள் குறித்துக்கொண்டாள். பழையது, புதியது எல்லாவற்றையும் நகம் இல்லாமல், ஒரே கருவியால். மதியத்துக்குள் தெரிந்துவிட்டது. கால்களில் வித்தியாசமே இல்லை. தட்டச்சான கட்டுரையை ராஜாராமன் மடக்கி இழுப்பறையில் வைத்தார்.

"போச்சு. நல்லவேளை, திங்கட்கிழமைக்கு முன்னாடி போச்சு. டீ சொல்லட்டுமா?"

அழுகை வரும் என்று பூங்கோதை காத்திருந்தாள். வரவில்லை, நிம்மதிதான் வந்தது. எடுத்ததை ஒழுங்காக எடுத்து வைக்காமல் அவளால் டீ குடிக்க முடியாது. மூஞ்சூறுகளோடு சேர்த்து எடுத்திருந்த சிறு குழாய்களின் மண்டையோடுகளைச் சரிபார்த்து வைக்க, கறுப்புத் துணியில் வரிசையாக அடுக்கினாள். மேலே பழைய இனம், கீழே கார்வால். இதுவரை ஒவ்வொன்றாக எடுத்து நீளம் பார்த்தார்களே தவிர, எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததில்லை. உடைசல் இருக்கிறதா என்று லென்ஸைப் பிடித்தாள்.

மேல் வரிசையில், முன்பல்லுக்குப் பின்னால் ஒற்றைக் கூர்ப் பற்கள் நான்கு. நாலாவது கசகசாவைவிடச் சின்னது. கீழ் வரிசையில் மூன்றுதான். அடுத்ததிலும் மூன்று. அதற்கடுத்ததிலும்.

"சார், ஒரு பல் இல்ல."

டீக்காகக் கதவுவரை போனவர் திரும்பி வந்து குனிந்தார். "கிழடா இருக்கும். வயசானா அந்தப் பல் விழும். நகத்துல ஏமாந்தோம், பல்லிலயும் ஏமாற வேண்டாம்."

அது நியாயம்தான் என்று பூங்கோதைக்குப் பட்டது. அவளுக்கே அவள் கண்மேல் நம்பிக்கை இல்லை. வரிசையின் கடைசியில் மிகச் சின்ன மண்டையோடு ஒன்று இருந்தது. எலும்புகளின் பொருத்துகள்கூட இன்னும் ஒட்டவில்லை. பல் நுனிச் சிவப்பு துளியும் தேயவில்லை. அதைத் தூரிகையால் மெல்லத் திருப்பினாள். மூன்று பற்கள். நாலாவது இருந்து விழுந்த குழிகூட இல்லை, எலும்பு வழவழவென்று இருந்தது.

"இது குட்டி சார். குட்டிக்கு எப்படிப் பல் விழும்?"

ராஜாராமன் லென்ஸை வாங்கிப் பார்த்தார். அவளிடம் கொடுத்தார். மறுபடி வாங்கிப் பார்த்தார். பிறகு முள் கன்னத்தைத் தடவிக்கொண்டே, "விழாது," என்றார். "விழவே விழாது! பூங்கோதை, இது முளைக்கவே இல்லை!"

அவர் போட்ட சத்தத்தில் சௌகிதார் தடியோடு ஓடிவந்தான். "க்யா ஹுவா, சாப்?"

"தாந்த் நஹீ ஹை!" என்று அவன் தோளைப் பிடித்துக் குலுக்கினார் ராஜாராமன். பல் இல்லாததற்கு ஒரு சாப் இப்படிக் குதிப்பதை அவன் பார்த்ததில்லை. ஆனாலும் சிரித்தான், அவனே போய் டீ வாங்கி வந்தான்.

டீ ஆறும் வரை பூங்கோதை இன்னும் ஒரு முறை எல்லாவற்றையும் பார்த்தாள். பிறகு தட்டச்சுப் பொறியில் தாளைச் செருகி, முதல் வரியாகப் பின்னங்காலில் வேறுபாடு இல்லை என்று அடித்தாள். அந்த வரியை அடிக்க இவ்வளவு சந்தோஷமாக இருக்கும் என்று காலையில் யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டாள்.

வீட்டுக்குப் போனதும் வேலம்மாள் அவள் முகத்தைப் பார்த்தாள். "மூஞ்சி சரியாயிட்டே. என்னளா ஆச்சு?"

"புது இனம்தான்மா. பக்கா. ஒரு பல் கம்மி."

"பல்லு கம்மியா? இதுக்கா இந்த ஆட்டம்?" வேலம்மாள் அலமாரியில் இருந்த பிள்ளையார் படத்தைத் திரும்பிப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "அப்ப இன்னைக்குக் கொழுக்கட்டை மெத்துனு இருக்கணும். பாவம், எப்படிக் கடிக்கும் அது? போ, தேங்காயத் துருவு. மிஸஸ் சோப்ராவுக்கும் சேத்து."