ஷெல்பி எழுதாத பரீட்சை

"மெதுவா போம்மா! ரோட்டுல பனி கரைய இன்னும் உப்புகூடப் போடல!"

ஷெல்பி கூம்ப்ஸ் கதவுக் கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தாள். பழைய பிக்கப் வண்டி மலை வளைவில் பின்பக்கம் வழுக்கி, தடுமாறி, மறுபடி நேரானது. ஸ்டீயரிங்கில் அவள் அம்மா ரோண்டா. பள்ளிக்கூடச் சமையலறையில் முடி விழாமல் மாட்டிய தலை வலையைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்திருந்தாள்.

"காலேஜ் ஆபீஸ்ல நாலரைக்கு ஷட்டர இழுத்துடுவாங்க. அப்புறம் யார் கால்ல போய் விழுவ?"

"நீ இப்படி ஓட்டினா விழறதுக்குக் காலே இருக்காது."

"வாய மூடிட்டு பெல்ட்டப் போடு."

ஷெல்பி பெல்ட்டைப் போட்டாள்.  

செப்டம்பர் கடைசியில் அவள் காலேஜை விட்டாள். ரோண்டாவின் வேலை நேரத்தைப் பள்ளிக்கூடம் பாதியாக வெட்டியிருந்தது. வாடகை பாதியாகவில்லை. ஷெல்பி நெடுஞ்சாலைக் கிடங்கில் பெட்டி அடுக்கப் போனாள். விலகுகிறேன் என்று காலேஜில் ஒருவரிடமும் சொல்லவில்லை. போகாமல் இருந்தால் பெயரை அவர்களே அடித்துவிடுவார்கள் என்று நினைத்தாள்.

அடிக்கவில்லை. டிசம்பரில் எல்லாப் பாடத்திலும் எஃப், அதாவது தோல்வி, போட்டார்கள். கூடவே இன்னொரு குண்டு. படிப்புக்கு வாஷிங்டனின் மத்திய அரசு கொடுத்த உதவிப்பணத்தில், படிக்காத நாட்களின் பங்கைத் திருப்ப வேண்டியிருக்கலாம். இரண்டாயிரத்துச் சொச்சம் டாலர். அந்த விவகாரம் முடியும்வரை காலேஜிலிருந்து மதிப்பெண் சான்றிதழ் வெளியே போகாது.

சான்றிதழ் திங்கட்கிழமைக்குள் போய்ச் சேர்ந்தாக வேண்டும். மாவட்ட மருத்துவமனையில் நர்ஸ் பயிற்சி, ஜனவரியில் தொடக்கம், படிக்கும்போதே சம்பளம். போன வசந்தகாலத்தில் ஷெல்பி வாங்கிய நல்ல மதிப்பெண்களைப் பார்த்து அவளுக்கென்று ஓர் இடம் எடுத்து வைத்திருந்தார்கள். சான்றிதழ் வராவிட்டால் இடம் வேறொருத்திக்கு.

இன்று மதியம் உதவிப்பண அலுவலகத்திலிருந்து போன் வந்தது. நேரில் வந்து ஒரு கையெழுத்து, உடனே. அவ்வளவுதான் சொன்னார்கள்.

வண்டி காலேஜ் வளாகத்துக்குள் சீறி நின்றது.

"போ, போ! கேட்ட எடத்துல போட்டுட்டு வா. எதையும் நோண்டாத," என்றாள் ரோண்டா.

ஷெல்பி ஓடினாள்.

உதவிப்பண அலுவலகக் கவுண்டருக்குப் பின்னால் மிஸ் லொரெட்டா. கிறிஸ்துமஸுக்கென்று கலைமான் கொம்பு வைத்த தலைப்பட்டை, மூக்கு நுனியில் கண்ணாடி. இந்த ஊரில் காலேஜுக்குப் போனவர்கள் எல்லாரும் ஒரு தடவையாவது அவர் முன்னால் அழுதிருப்பார்கள்.

"வா கண்ணு. மூச்சு வாங்கிக்கோ. நல்ல சேதிதான்."

நல்ல சேதி என்றதும் ஷெல்பிக்குப் பயம் கூடியது.

"எல்லாத்துலயும் எஃப் வாங்கின புள்ளைங்க நெசமாவே கடைசி வரைக்கும் படிச்சுத் தோத்தாங்களா, நடுவுல ஓடிட்டாங்களான்னு நாங்க பாத்தாகணும். செமஸ்டர்ல அறுபது பர்சன்ட்டத் தாண்டிட்டா உதவிப்பணம் முழுசும் உன்னோடது. அதுக்கு முன்னாடி ஓடிட்டா மிச்சத்தத் திருப்பணும். சும்மா இணையத்துல உள்ள நுழைஞ்சு பாத்தது கணக்குல வராது. பரீட்சையோ பாடமோ எழுதிக் குடுத்திருக்கணும்."

"தெரியும், மேடம். நான் செப்டம்பர்லயே..."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். ஆனா பாரு, உயிரியல் வகுப்பு, அந்த இணைய வகுப்பு, அதுல நவம்பர் கடைசி வரைக்கும் வாரம் தவறாம எழுதியிருக்க. இறுதிப் பரீட்சைக்குத்தான் நீ வரல, அதனால எஃப். தோத்தாலும் கடைசி வரைக்கும் இருந்திருக்க. ஒரு சல்லி திருப்ப வேண்டாம்."

ஷெல்பி கவுண்டருக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"நானா?"

"பின்ன நானா? இதோ, இதெல்லாம் என் சொந்த வேலைன்னு கையெழுத்துப் போடு. சான்றிதழ் இன்னைக்கே போயிடும்."

பேனாவை எடுத்தாள். கடைசி வரி கண்ணில் பட்டது. பொய் சொன்னால் அபராதம், சிறை. பேனாவைக் கீழே வைத்தாள்.

"மேடம், இத வேற யாராவது எழுதியிருந்தா?"

லொரெட்டாவின் சிரிப்பு நின்றது. கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்படி ஒண்ணு இருந்தா அது பெரிய விவகாரம், கண்ணு. கம்ப்யூட்டர் ஆளுங்க எந்த வீட்டு லைன்லேருந்து வந்துச்சுங்கிற வரைக்கும் எடுத்துடுவாங்க. ஏன் கேக்கற?"

"என் போன வண்டியிலயே விட்டுட்டேன். ஒரே நிமிஷம்."

பதிலுக்குக் காத்திருக்காமல் வெளியே வந்தாள். குளிர் முகத்தில் அறைந்தது.

"போட்டாச்சா?" ரோண்டா ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள்.

ஷெல்பி ஏறி உட்கார்ந்து கதவை அடித்துச் சாத்தினாள். "என் பேர்ல யாரோ பரீட்சை எழுதியிருக்காங்கம்மா. ரெண்டு மாசமா! நான் கிடங்குல பெட்டி அடுக்கிட்டு இருந்தப்போ!"

ரோண்டா தலையில் இருந்த வலையைக் கழற்றி மடியில் வைத்தாள். 

"வேற யாரு? அவன்தான்!" ஷெல்பி போனை எடுத்தாள். அவன் என்பது சித்தி மகன் டஸ்டி. ஜெயிலிலிருந்து வந்த நாளாக இவர்கள் சோபாதான் அவன் வீடு. ஷெல்பியின் லேப்டாப்பில்தான் கால்பந்து பார்ப்பான்.

"சொல்லு, காலேஜ்காரி!" என்றான் டஸ்டி. ஒலிபெருக்கியில் பின்னால் டிவி இரைந்தது.

"என் காலேஜ் கணக்குக்குள்ள போனியா?"

"நீயே அதுக்குள்ள போறதில்லன்னு ஊரே சிரிக்குது. நான் எதுக்குப் போறேன்?"

"விளையாடாதடா. என் பேர்ல யாரோ உயிரியல் எழுதியிருக்காங்க."

"எத்தன மார்க்?"

"எனக்கென்ன தெரியும்? வாராவாரம் எழுதியிருக்காங்களாம்."

"வாராவாரமா? வாராவாரம் நான் குளிக்கிறதே இல்லையே, தாயே!"

ஷெல்பிக்குச் சிரிப்பு வரவில்லை. "நம்ம வீட்டு லைன்லேருந்து வந்திருந்தா கண்டுபிடிச்சிடுவாங்களாம்."

டிவி சத்தம் நின்றது. மறுமுனையில் டஸ்டியின் குரல் இறங்கியிருந்தது.

"ஷெல், போலீஸ் கீலிஸ்னு வருமா? எனக்கு மார்ச் வரைக்கும் நன்னடத்தைக் காலம். சின்னதா ஒண்ணு போதும், தூக்கி மறுபடி உள்ள போட்டுடுவாங்க. வீட்டுக்கு வருவாங்களா? சொல்லு ஷெல்!"

அந்தப் பயமே போதும் என்று பட்டது ஷெல்பிக்கு. செய்தது அவன்தான். நல்லது செய்வதாக நினைத்துச் செய்திருக்கிறான், மடையன். போனை வைத்தாள்.

"அவன விடு," என்றாள் ரோண்டா.  "அவன் அப்படியெல்லாம்..."

"நீ எப்பவும் அவனுக்கு வக்கீல்!"

கையெழுத்துப் போட்டால் பொய். என்றைக்காவது யாராவது தோண்டினால், அவளும் போவாள், டஸ்டியும் போவான். போடாவிட்டால், யார் எழுதியது என்று இன்றைக்கே கேட்பார்கள். அலுவலக ஜன்னலில் ஒரு விளக்கு அணைந்தது.

"ஷெல், நில்லு. நான் சொல்றதக் கொஞ்சம்..."

ஷெல்பி அதற்குள் இறங்கி ஓடிக்கொண்டிருந்தாள்.

ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே நுழைந்தாள்.

"மேடம், நான் செப்டம்பர்லயே விட்டுட்டேன். அதுக்கப்புறம் வந்தது எதுவும் என்னோடது இல்ல. யாருன்னு தயவுசெஞ்சு கேக்காதீங்க."

 லொரெட்டா கலைமான் கொம்பைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"உக்காரு. நீ கையெழுத்துப் போட்டிருந்தா அது அரசாங்கத்த ஏமாத்தினது. என் கையில இருந்திருக்காது. இப்ப நீயே கடைசியாப் படிச்ச தேதிய எழுதிக் குடு. நான் அந்தத் தேதிய வெச்சுக் கணக்குப் போடுறேன். பணம் திரும்பிப் போயிட்டா, அந்தப் பரீட்சைங்கள வெச்சு யாரும் ஒரு டாலர்கூடத் திருடல. அதத் தோண்டறதுக்கு எனக்கு ஒரு காரணமும் இல்ல."

"எவ்வளவு?"

"ரெண்டாயிரத்து நூத்தி நாப்பது. மாசாமாசம் கட்டலாம். ஆனா பாதியாவது கட்டினாத்தான் சான்றிதழ் வெளியில போகும், கண்ணு. திங்கக்கிழமைக்குள்ள முடியுமா?"

வங்கியில் எழுபது டாலர் இருந்தது. ஷெல்பி தலையை ஆட்டினாள். முடியாது.

"அடுத்த பயிற்சி எப்போ?" என்று கேட்டார் லொரெட்டா.

"ஆகஸ்ட்ல. எடம் இருந்தா."

செப்டம்பர் தேதியை எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.  லொரெட்டா ஒரு மிட்டாயை அவள் பக்கம் தள்ளினார். ஷெல்பி எடுக்காமல் எழுந்தாள்.

வண்டியில் ஹீட்டர் ஓடவில்லை. இன்ஜினை அணைத்துவிட்டு ரோண்டா இருட்டத் தொடங்கிய வளாகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எடம் போச்சு," என்றாள் ஷெல்பி. "பணம் நான் கட்றதா எழுதிக் குடுத்துட்டேன். டஸ்டி பேர் வரல. வீட்டுக்குப் போனதும் அவன நாலு கேள்வி கேக்காம விடமாட்டேன். என் வாழ்க்கையில கைய வெக்க அவன் யாரு?"

"அவனக் கேக்காத."

"ஏன் கேக்கக் கூடாது?"

"அவன் இல்ல."

ஷெல்பி திரும்பிப் பார்த்தாள். அம்மா திரும்பவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன.

"சொல்ல வந்தேன். நீ ஓடிட்ட."

"நீயா? பணத்தத் திருப்பிக் கேப்பாங்கன்னு பயந்தா?"

"பணத்தப் பத்தி எனக்கு என்ன தெரியும்? நீ கிடங்குக்குப் போனப்புறம் லேப்டாப் சாப்பாட்டு மேஜையில தெறந்தே கெடந்துச்சு. உடம்புல இருக்கற செல்லப் பத்தி ஒரு பாடம். படிச்சேன். கீழ கேள்வி கேட்டுச்சு. ஒத்த விரலால தட்டித் தட்டிப் பதில் போட்டேன். சரின்னு வந்துச்சு, ஷெல். எனக்கு. அடுத்த வாரம் அடுத்த பாடம் என்னன்னு பாக்காம இருக்க முடியல."

 எதிர்க் கட்டடத்தில் கடைசி விளக்கும் அணைந்தது. லொரெட்டா தன் காரை நோக்கிப் பனியில் பார்த்துப் பார்த்து நடந்தார்.

"கடைசிப் பரீட்சைய மட்டும் நேர்ல வந்துதான் எழுதணும்னு போட்டிருந்துச்சு," என்றாள் ரோண்டா. "வந்தேன். இதே எடத்துலதான் நிறுத்தினேன். பென்சில்கூட ரெண்டு சீவி எடுத்துட்டு வந்தேன். உள்ள போனா என்னைப் பாத்ததுமே சிரிச்சிடுவாங்கன்னு, எல்லாரும் எழுதி முடிச்சு வெளிய வர்ற வரைக்கும் வண்டிக்குள்ளயே உக்காந்திருந்தேன்."