எலி கிடந்த இடம்

பிளேக் வந்த வருஷம், மைசூரில் செத்த எலிகளுக்கெல்லாம் நான்தான் குமாஸ்தா. எலி கிடந்த இடத்தை ஆட்கள் காலையில் வந்து சொல்வார்கள். நகர வரைபடத்தில் அங்கே சிவப்பு மசியால் ஒரு புள்ளி வைப்பேன்.

புள்ளிகள் ஒரே இடத்தில் மொய்த்தன. தேவராஜ மொஹல்லா என்ற பேட்டையை ஒட்டி, எங்கள் அக்ரஹாரத்துக் கொல்லை மதிலுக்குப் பின்னால் பதினோரு குடிசைகள். ராமாபுரம் கிராமத்துப் பக்கமிருந்து பிழைக்க வந்து மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்கள், கீரை விற்கிறவர்கள். எங்கள் தெருவில் ஒரு புள்ளிகூட இல்லை.

"பாத்தீரா? இவங்க கொண்டுவந்ததுதான். திங்கட்கிழமை குடிசையெல்லாம் கொளுத்திடலாம்" என்றார் பிளேக் இன்ஸ்பெக்டர் நஞ்சுண்டசாமி.

சனிக்கிழமை, அந்தக் குடிசைகளில் இருந்த கீரைக்காரி சித்தம்மா பிளேக் ஆபீஸ் வாசலுக்கு வந்தாள்.

"ஏனுங்க சாமி, எங்க குடிசையில ரெண்டு நாளைக்குச் சேர்ந்தாப்புல அரிசி இருந்ததில்லீங்க. எலி எதைத் தின்னு வளந்துச்சு? அரிசியெல்லாம் மதிலுக்கு அந்தப் பக்கமுங்க."

"எலிக்கு நீதான் வக்கீலா?" இன்ஸ்பெக்டர் சிரித்தார். "அக்ரஹாரத்துல எல்லாரும் படிச்சவங்க. அங்க எலி செத்தா வந்து சொல்லியிருக்க மாட்டாங்களா?"

அவள் ஒரு பொட்டலத்தை முறத்தில் வைத்துத் தள்ளினாள். "தானாச் செத்த எலி இலையில சுத்திக்கிட்டுங்களா சாவும்?"

தைத்த புரச இலை. ஓரம் உட்பக்கமாக மடிந்திருந்தது. ரசம் ஓடாமலிருக்க என் மனைவி அன்னபூர்ணி அப்படித்தான் தைப்பாள். அந்த மாதிரி இலையில்தான் அன்றும் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தேன்.

"குப்பையில கிடக்கற இலையை யார் வேணா எடுத்துச் சுத்தலாம்" என்றார் இன்ஸ்பெக்டர். நான் பேனாவை மசியில் தோய்த்தேன்.

வீட்டில் கேட்டேன். அன்னபூர்ணி தலை நிமிராமல் இலை தைத்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாரும் மதிலுக்கு அந்தண்டைதான் போடறா. ஒரு எலி எழுதினாலும் பிளேக் ஆபீஸ்காரன் பூஜை உள்ளுக்குள்ள பூட்ஸ் காலோட வந்து கூரை ஓட்டைப் பிரிச்சுடுவான். பிரிக்கட்டும்ங்கறேளா?"

எத்தனை எலி என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை, வரைபடத்தில் என் வீடு இருந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்தேன். இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார்.

"மசி சிந்திடுச்சு ஸ்வாமி."

"சிந்தலை. எங்காத்து எலி."

"சித்தம்மா உமக்குக் கீரை சும்மா குடுக்கறாளா?" என்று கேட்டுவிட்டு அவர் கத்தி முனையால் புள்ளியைச் சுரண்டினார்.

மத்தியானம் குடிசைகள் எரிந்தன. சித்தம்மாவையும் மற்றவர்களையும் ஊருக்கு வெளியே பிளேக் கொட்டகைக்கு ஓட்டிப்போனார்கள். அவள் முறம் எங்கள் மதிலோரம் விழுந்து கிடந்தது.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் அன்னபூர்ணி கொல்லையில் இலைப் பொட்டலத்தோடு நின்றிருந்தாள்.

"ரெண்டு" என்றாள். மதிலுக்கு அந்தப் பக்கம் சாம்பல்தான் இருந்தது. போட்டால் யார் போட்டதென்று தெரிந்துவிடும்.

பொட்டலத்தை அவள் கையிலிருந்து வாங்கி, வாசல் வழியாகத் தெருவில் இறங்கினேன்.

"யக்ஞநாராயணா, கையில என்ன ஓய்?" எதிர்வீட்டுக்காரர் கேட்டார்.

இலையைப் பிரித்துக் காட்டினேன். அவர் கதவு சாத்திக்கொண்டது. அடுத்த வீட்டுக் கதவும், அதற்கடுத்ததும்.

தெருக்கோடிச் சாக்கடையில் இன்னொரு இலைப் பொட்டலம் கிடந்தது. யார் வீட்டுத் தையல் என்று தெரியவில்லை. அதையும் எடுத்துக்கொண்டு ஆபீஸுக்கு நடந்தேன்.