மதிய வண்டியில் யாரும் இல்லை

ஆபீசில் அவனுக்கு ஜோசியர் என்று பெயர். ஊர்க்காரர்கள் எப்போது கிளம்பி எங்கே போகிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு வாங்கிய பதில்களைக் கம்ப்யூட்டரில் போட்டு, எந்த வழியில் எத்தனை பஸ் வேண்டும், பத்து வருடம் கழித்து எத்தனை வேண்டும் என்று சொல்வது அவன் வேலை. நிஜ ஜோசியருக்காவது பலிக்காவிட்டால் கிரகத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டுப் போகிற வசதி உண்டு. இவனுக்கு அதுவும் இல்லை.

இப்போது அவனைப் போட்டுப் படுத்தியது ஏழாம் நம்பர் பஸ். காலையும் மாலையும் கணக்கு சொன்னபடி கேட்டது. மதியம் மட்டும் முரண்டு பிடித்தது. கணக்கெடுப்பின்படி மதியத்தில் அந்த வழியில் போக ஆளே கிடையாது. ஆனால் அந்த வண்டியின் கண்டக்டர் நிற்க இடமில்லை என்று டெப்போவுக்கு வருகிற போகிறவர்களிடமெல்லாம் புலம்பிக்கொண்டிருந்தார். பாதிப் பேர் மாத பாஸ்காரர்கள், டிக்கெட் கணக்கிலும் சிக்கமாட்டார்கள். எது நிஜம்? இரண்டு முறை, மூன்று முறை எல்லாவற்றையும் முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தான். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது.

"கண்டக்டர் பேச்சக் கேட்டு பஸ் விடறதுன்னா நமக்கு எதுக்குச் சம்பளம்?" என்றார் மேலதிகாரி அம்மா. "மதிய டிரிப்ப நிறுத்திடலாம். நாளைக்கு ரிப்போர்ட் என் மேஜைல இருக்கணும்."

கணக்கெடுப்பு தப்பாக இருக்கும் என்று நம்ப அவனுக்கு மனம் வரவில்லை. அது அவன் பெற்ற பிள்ளை. முன்பெல்லாம் போன இடத்தில் பாதி வீடு பூட்டிக் கிடக்கும். இந்த முறை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போங்கள், மொத்தக் குடும்பத்தையும் கூடத்தில் உட்காரவைத்து ஒவ்வொருவராகக் கேளுங்கள் என்று யோசனை சொன்னவன் அவன்தான். பதில் வராத வீடே இல்லை. அவன் வீடும் அதில் வந்தது. கேட்க வந்த பெண்ணுக்கு நாற்காலி இழுத்துப் போட்டுப் பெருமையாகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். "நான் எங்கம்மா போறேன்? முட்டிவலி. இந்தச் சுவத்தத்தான் பாத்துட்டு உக்காந்திருக்கேன்" என்று அம்மா அப்போது சொன்னாள்.

சரி, கண்ணால் பார்த்துவிடுவோம் என்று அன்று மதியம் ஆபீஸ் வாசலில் ஏழாம் நம்பரில் ஏறினான். ஏறினான் என்பதைவிட உள்ளே திணிக்கப்பட்டான் என்பதே சரி. தலைகளை எண்ண ஆரம்பித்து, பாதியில் விட்டு, மறுபடி ஆரம்பித்தான். இத்தனை பேரும் எங்கிருந்து முளைத்தார்கள்? சதுரங்கப் பலகையும் கையுமாக ஒரு தாத்தா. அழகாகத் தலைவாரி, மடியில் வயலின் பெட்டியோடு ஒரு நடுவயது அம்மாள். அவளுக்குப் பக்கத்து ஜன்னலோரத்தில், துண்டில் சுற்றிய டிபன் கேரியரோடு அவனுடைய அம்மா.

அம்மா ஏதோ சொல்லி விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று!

தண்ணித்தொட்டி ஸ்டாப்பில் அம்மா இறங்க எழுந்தாள். கீழே குடையோடு அண்ணன் நின்றிருந்தான். அப்பா ஆஸ்பத்திரியில் கடைசி மூச்சை இழுத்துக்கொண்டிருந்தபோது எட்டிப் பார்க்காத அண்ணன். இனி இந்த வீட்டிலிருந்து ஒருவரும் அவன் வாசலை மிதிக்கக்கூடாது என்று இவன் கத்திய கத்தலில் அன்று வீடே வாயடைத்துப் போயிருந்தது. அண்ணன் கேரியரை வாங்கிக்கொண்டு, அம்மாவின் கையைப் பிடித்து இறக்கிவிட்டு, எதற்கோ பஸ்ஸுக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்தான். இவன் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டான்.

யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. பொய் சொன்ன அம்மாமேலா, அண்ணன்மேலா, கூடத்தில் காவல் மாதிரி உட்கார்ந்திருந்த தன்மேலா? வயலின் அம்மாளும் சதுரங்கத் தாத்தாவும் வீட்டார் முன்னால் என்ன சொல்லியிருப்பார்கள்?

"சார், எங்க போகணும்?" என்றார் கண்டக்டர்.

"தெரியலங்க."

"அத ஏறும்போதே யோசிக்கறதில்லையா சார்?"

ஆபீசுக்குத் திரும்பி, மதியக் கணக்கு செல்லாது, ஒவ்வொருவரையும் தனியாக மறுபடி கேட்க வேண்டும், அதுவரை வண்டியைத் தொடக்கூடாது என்று சொன்னான். மேலதிகாரி அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "நீங்களே பண்ணிட்டு நீங்களே செல்லாதுங்கறீங்க. ஒரு வீட்லயாவது பொய் சொன்னாங்கன்னு காட்டுங்க. நாளைக்குக் காலை வரைக்கும் டைம்."

வீட்டில் அம்மா அடுப்படியில் தனியாக இருந்தாள்.

"மதியம் எங்கயாவது போனியாம்மா?"

"நான் எங்கடா போறேன்?"

"ஏழாம் நம்பர் மதிய பஸ்ஸ நிறுத்தப் போறாங்க. அதுல யாருமே போறதில்லையாம்."

கரண்டி நின்றது. "எந்தப் பாவிடா அப்படிச் சொன்னது?"

"நீதாம்மா. அன்னிக்கு அந்தப் பொண்ணுகிட்ட."

அம்மா அவன் பக்கம் திரும்பினாள். "நீதான் பக்கத்துல உக்காந்திருந்தியே" என்றாள்.

அவன் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, கணக்கெடுப்புத் தாளை முழங்காலில் வைத்துக்கொண்டான். "இப்பக் கேக்கறேன், சொல்லு. எங்க இறங்குவ?"

"தண்ணித்தொட்டி."

"எதுக்கு?"

"உங்கண்ணனுக்குச் சோறு குடுக்க. திட்டறதுன்னா திட்டிடு."

அவன் திட்டவில்லை. எழுதினான். அடுத்த கேள்வியும் அவனே யோசித்து வைத்ததுதான், ஊர் முழுக்கக் கேட்கவைத்ததுதான். ஆனால் இப்போது வாயில் வர மறுத்தது.

"தனியாவாம்மா போற? கூட யாராவது வருவாங்களா?"

"இதுவரைக்கும் தனியாத்தான்" என்றாள் அம்மா. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அவனும் தினம் பஸ்ஸுக்குள்ள எட்டிப் பாத்துட்டு இதேதான்டா கேக்கறான்."